சோர்ஸ் எந்தப் பக்கம்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, என் மருமகளின் பொருள் ஒன்றை எடுத்து ஒளித்து வைத்தேன். பழி வேறொரு மனிதர் மேல் விழுந்தது. அவர் என் எதிரிலேயே அவமானப்பட்டார். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். மேலே படிப்பதா, பக்கத்தைத் திருப்புவதா என்பது உங்கள் விருப்பம்.

வாரா வாரம் இந்த இடத்தில் உங்களுக்கு எத்தனை உபதேசம் செய்திருக்கிறேன்! பஸ்ஸில் இடம் விடுவது, வரிசையில் நிற்பது, குப்பையைக் குப்பைத்தொட்டியில் போடுவது... அந்த இரண்டு வருடமும் விடாமல் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

பொருள் ஒன்றும் தங்கமில்லை. ஒரு அடாப்டர். கட்டைவிரல் நீளம், கறுப்பு நிறம்.

என் மருமகள் நித்யாவைப் பற்றி முன்பு எழுதியதில்லை. வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவள். என் மகன் அறிவு சென்னையில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் கள்ளக்குறிச்சி வருவான். கல்யாணம் முடிந்து அவள் வந்தபோது பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் இறங்கிய வண்டியிலிருந்து கடைசியாக ஒரு பெட்டி இறங்கியது. கண்ணாடிப் பக்கம் வைத்த பெட்டி. உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும் காற்றாடிகள்.

“இது என்னம்மா, சாமி படத்துக்கு வைக்கிற லைட் செட்டா?” என்று கேட்டேன்.

“கேமிங் கம்ப்யூட்டர் மாமா. நானே ஒவ்வொரு பார்ட்டா வாங்கி மாட்டினது.”

ஒரு மருமகள் கேம் ஆடுவாளா? ஆடினாள். வேலை முடிந்ததும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம். கதவைச் சாத்திக்கொண்டு ஆடியவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

வினை, டிவி ரூபத்தில் வந்தது. எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதும், அப்பா நன்றாகப் பார்க்கட்டும் என்று அறிவு ஐம்பத்தைந்து இன்ச் 4கே டிவி ஒன்றை வாங்கி ஹாலில் வைத்தான். செய்தி வாசிப்பவரின் முகத்திலுள்ள பவுடர்கூடத் தனித்தனியாகத் தெரியும். நித்யா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே... குழந்தை பலூன்காரரைப் பார்ப்பது போல.

அவள் கம்ப்யூட்டரில் டிவிக்கு நேராகப் பொருந்தும் துளை ஒன்றே ஒன்றுதான். அது முந்தைய மழைக்கால இடியில் உயிரை விட்டிருந்தது. மிச்சமிருந்தவை வேறு வடிவத் துளைகள். அந்த வடிவத்தை டிவியின் வடிவத்துக்கு மாற்றத்தான் அந்தக் கட்டைவிரல் அடாப்டர். வரவழைத்தாள். கம்ப்யூட்டரை ஹாலுக்குத் தூக்கி வந்து ஸ்டூல் மேல் வைத்தாள். செருகினாள்.

டிவி முழுக்க ஒரு பனிமலை வந்தது. நிஜமாகவே அழகாக இருந்தது. ஆனால் அடுத்த நிமிடம் அந்தப் பனிமலையில் என் மருமகள் துப்பாக்கியோடு ஓட ஆரம்பித்தாள். “பின்னாடி பாரு! பின்னாடி! சுடுடா!” என்று ஹாலே அதிரக் கத்தினாள்.

அது சனிக்கிழமை. மறுநாள் என் பெரியப்பா மகனான அண்ணனும் அண்ணியும் வருவதாக இருந்தது. அண்ணன் ஒரு வீட்டுக்குப் போய் வந்தால் அந்த வீட்டின் கதை சங்கராபுரம் வரை போய்ச் சேரும். “வாத்தியார் வூட்டு மருமவ நடு வூட்ல துப்பாக்கி சுட்டுக்கினு இருக்கா” என்று அவர் சொல்வது என் காதில் அப்போதே கேட்டது.

“அண்ணன் வரும்போது இதை எடுத்து வைத்துவிடம்மா” என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவள் சரி என்றிருப்பாள். சொல்லக் கூச்சம். பழைய காலத்து மனிதன் என்று நினைத்துவிடுவாளோ என்று. பழைய காலத்து மனிதனாகத் தெரியாமல் இருக்க என்ன செய்தேன் பாருங்கள் — ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் குளிக்கப் போனபோது அடாப்டரைக் கழற்றி, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, பீரோவில் வைத்தேன். ஒரே ஒரு நாளைக்குத்தானே?

அன்று காலைதான் செல்வராசு வந்தார், டிவியைச் சுவரில் மாட்ட. எங்கள் தெருவுக்கே எலக்ட்ரீஷியன், டிஷ்காரர், மோட்டார் மெக்கானிக் எல்லாம் அவர்தான். நாற்பது வயதிருக்கும். மூன்று மாடி ஏறச் சொன்னாலும் முகம் சுளிக்காதவர். கிளாம்ப் அடித்து, டிவியை மாட்டி, ஒயர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அதற்குள் அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு சரோஜா அம்மாள் கறிவேப்பிலையோடு வந்து, புது டிவியைப் பார்க்க நின்றுவிட்டார்.

நித்யா கம்ப்யூட்டரின் பின்னால் எட்டிப் பார்த்தாள். “ஏங்க, அடாப்டர் எங்க?”

தேடினார்கள். சோபாவுக்கு அடியில், ஸ்டூலுக்குக் கீழே, அட்டைப்பெட்டிக்குள். அப்புறம் அறிவு, மிகவும் மரியாதையாகத்தான், கேட்டான்.

“செல்வராசு அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. சாமானோட சாமானா உங்க பைக்குள்ள எதுனா வுழுந்திருக்கான்னு...”

“பாத்துடலாம் தம்பி.”

பையைத் தரையில் கவிழ்த்தார். டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டப்பா, இன்சுலேஷன் டேப், டிபன் பாக்ஸ், ஒரு பெண் குழந்தையின் ஹேர் கிளிப். ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தார். கடைசியில் சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

“இப்பல்லாம் யாரையும் வூட்டுக்குள்ள வுட முடியல” என்று அண்ணன் ஃபேனைப் பார்த்துச் சொன்னார்.

செல்வராசு சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, “வரேன் சார்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையாட்டினேன். என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்காதீர்கள். பேப்பர் தலைகீழாக இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்தில் அவரைக் கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவர் குடும்பத்தோடு மனைவியின் ஊர்ப்பக்கம், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நித்யா வேறு அடாப்டர் வாங்கவில்லை. கம்ப்யூட்டரைத் தன் அறைக்கே திருப்பி எடுத்துப் போய்விட்டாள். நான் பெரிய டிவியில் செய்தி பார்த்தேன். பீரோ பூட்டியே இருந்தது.

இந்த வருட ஆரம்பத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். காலில் மாவுக்கட்டு. அறிவுக்கு லீவு கிடைக்காத வாரங்களில் என்னைத் தூக்கி, உட்கார வைத்து, மாத்திரை கொடுத்து, முதுகு துடைத்துவிட்டது எல்லாம் நித்யாதான். ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டே எனக்குத் தோசை திருப்புவாள். ஒருநாள்கூட முகத்தில் சலிப்பைப் பார்த்ததில்லை. இதை நான் எப்படித் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு தோசையும் கனத்தது.

ஒருநாள் மதியம், நான் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, “மாமா, வாங்க, லாரி ஓட்டலாம்” என்றாள்.

அவளுடைய அறையில், சின்ன மானிட்டரில், ஒரு லாரி கேம். மலைப்பாதையில் சரக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். என் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தாள். எட்டு முறை லாரியைப் பள்ளத்தில் விட்டேன். நடுரோட்டில் ஒரு மாடு நின்றது. விடாமல் ஹாரன் அடித்தேன்.

“மாமா, அது கம்ப்யூட்டர் மாடு. நகராது. நீங்கதான் ஒதுங்கணும்.”

“நம்ம ஊர் மாடும் அப்படித்தானேம்மா?”

இருவரும் சிரித்தோம். ஒன்பதாவது முறை வளைவில் தப்பித்தேன். இந்த வயதில், அந்தக் காலோடு, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! கால் வலி ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“இதையே ஹால் டிவில பாத்தா எப்படி இருக்கும் தெரியுமா மாமா? ரோட்ல கெடக்குற கல்லு கூடத் தெரியும். அந்த அடாப்டர் போனதோட விட்டுட்டேன்.”

“வேறு வாங்கியிருக்கலாமே?”

“மனசு வரல மாமா. பாவம், செல்வராசு அண்ணன். அன்னிக்கு எல்லார் எதுருலயும் பையக் கொட்ட வெச்சிட்டோம். அவரே எடுத்திருந்தா கூட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

அவரே எடுத்திருந்தா கூட...! இத்தனை நல்ல பெண்ணின் மனதிலும் அந்த மனிதர் இரண்டு வருடமாகத் திருடராகத்தான் இருந்திருக்கிறார். மன்னிக்கப்பட்ட திருடர். எடுத்த நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

“பீரோ சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது. மேல் தட்டில் பழைய கண்ணாடிக் கூடு. எடுத்துக்கொண்டு வாம்மா” என்றேன்.

எடுத்து வந்தாள். திறந்து பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன், கூச்சம், ஒரே ஒரு நாள், பேப்பர்... எதையும் விடவில்லை.

அவள் அடாப்டரை மறுபடி கூட்டுக்குள் வைத்து மூடினாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மன்னிச்சிடும்மா” என்றேன்.

“என்கிட்ட எதுக்கு மாமா? எனக்குப் போனது ஒரு டிவி. அவருக்கு?”

எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். அன்று அதற்குமேல் பேசவில்லை. ஆனால் டீ கொடுத்தாள். அந்த டீக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

கட்டுப் பிரித்து, ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் கிளம்பினோம். நான் தனியாகத்தான் போவதாக இருந்தது. “நீங்க பாதி வழில எறங்கித் திரும்பி வந்துடுவீங்க மாமா. ஒங்கள எனக்குத் தெரியாதா?” என்று லீவு போட்டுவிட்டு அவளும் வந்தாள். என்னை இவ்வளவு சரியாகப் படித்தவர்கள் வேறு யாருமில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கம் கரும்பு வயல்கள் முடிந்து, பஸ் மலை ஏறியது. வளைவுக்கு வளைவு டிரைவர் ஸ்டியரிங்கைச் சுழற்றியதைப் பார்த்து, “மாமா, இவரு ஒரு தடவகூடப் பள்ளத்துல வுடல பாருங்க” என்றாள் நித்யா. அவள் மறுபடி கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டாள் என்பதே எனக்குப் பாதி பலம்.

வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, “டிஷ் செல்வராசு” என்று கேட்டதும் கை காட்டினார்கள். ஒரு ஓட்டு வீட்டுக் கூரைமேல் சோலார் தட்டு மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கை நின்றது. அப்புறம் மறுபடி ஸ்க்ரூவைத் திருகினார். திருகி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

“இன்னா சார், இவ்ளோ தூரம்? கால்ல இன்னா ஆச்சி?”

“விழுந்துட்டேன். செல்வராசு... அந்த அடாப்டரை எடுத்தது நான்தான்.”

பஸ்ஸில் மூன்று பக்கத்துக்குப் பேச்சு தயார் செய்திருந்தேன். வந்தது இந்த ஒரு வரிதான். மிச்சத்தையும் ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“சரி சார். நான் எடுக்கலன்றது எனக்குத் தெரிஞ்ச சேதிதான? அத எங்கிட்ட வந்து சொல்றீங்க. தெரியாதவங்ககிட்ட இல்ல சொல்லணும்?”



வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி மலர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எதிரில் நின்றுகொண்டே கேட்டார். உட்காரவில்லை.

“சார், இவரு பையத் தொறந்து கொட்டினாரே, அப்ப நீங்க பாத்துக்கினுதான் இருந்தீங்களா?”

“ஆமாம்மா. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.”

“அன்னிக்கு வூட்டுக்கு வந்து இவரு சோறு துன்னல. நானும் கேட்டேன் சார். ‘தெரியாத்தனமா எதுனா எடுத்துக்கினு வந்துட்டியா?’ன்னு நானே கேட்டேன். கட்டிக்கினவ கேக்குற கேள்வியா அது? அத என் வாயில வர வெச்சிட்டீங்க.”

“மலரு, வுடு” என்றார் செல்வராசு.

“வுட்டுத்தான ரெண்டு வருசம் ஆவுது?”

நான் எழுந்து நின்றேன். ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியவில்லை. ஆனாலும் உட்கார்ந்துகொண்டு கேட்கிற விஷயமில்லை அது. கை கூப்பினேன். அந்த அம்மா என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “கால் வலிக்கப் போவுது, குந்துங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சாமைச் சோறும் குழம்பும் தட்டில் வந்தன. நித்யா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். நானும்தான்.

திரும்பி வந்த மறுநாள் காலை, தெருவில் இறங்கினேன்.

ஒவ்வொரு வீடாகப் போய், “அந்த அடாப்டரை எடுத்தது நான். செல்வராசு இல்லை” என்று சொன்னேன். எளிதாக இருக்கும் என்று நினைத்தால்... இல்லை. உட்கார வைத்து, காபி கொடுத்து, என்னவோ கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவன்போல் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்கள். அப்புறம் சொல்ல வேண்டும்.

“விடுங்க சார், எப்பவோ நடந்தது” என்றார் ஒருவர். “நாங்க அப்பவே நெனச்சோம், அவரு அப்படிப்பட்ட ஆளில்லன்னு” என்றார் இன்னொருவர். நினைத்தவர் ஏன் அவரைக் கூப்பிடவில்லை? நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கேது?

அண்ணனுக்குப் போன் போட்டேன். “இதுக்குப் போயி மலை ஏறி மன்னிப்புக் கேட்டியா? ஒனக்கு வயசாயிடுச்சிப்பா” என்றார். ஆமாம், கொஞ்சம் தாமதமாகத்தான் ஆகியிருக்கிறது.

சரோஜா அம்மாள்தான் நேர்மையாகக் கோபப்பட்டார்.

“சார்! ரெண்டு வருசமா என் வூட்டு மோட்டாரு நின்னுபோனா தியாகதுருகத்துலருந்து ஆள இட்டுக்கினு வரேன். அந்த ஆளு பண்றது ஒண்ணும் வெளங்கல. அதுக்கு நீங்கதான் காரணமா?”

“ஆமாம்மா.”

“நான் வேற நாலு வூட்ல போயி வாய்கூசாம சொன்னேனே...” தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். “மிச்ச வூட்டுக்கு வாங்க. நானும் வரேன். நீங்க முழுங்கி முழுங்கிச் சொல்லுவீங்க.”

அவர் வந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

அதன் பிறகு நித்யா செல்வராசுவுக்குப் போன் செய்தாள். கம்ப்யூட்டர் ஹாலை ஒட்டிய அவள் அறையிலேயே இருக்கட்டும், அங்கிருந்து ஹால் டிவி வரை கேபிள் இழுத்துவிடலாம், நீங்கள்தான் வரவேண்டும் என்றாள்.

“சாரு வூட்ல இருப்பாரா?”

“இருப்பாருண்ணே.”

“அப்ப வரேன்” என்றாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை முதல் பஸ் பிடித்து வந்து இறங்கினார். நித்யா முன்கூட்டியே கேபிள் வாங்கி வைத்திருந்தாள். பத்து மீட்டர். சாதாரண ஒயரில் இத்தனை தூரத்துக்கு 4கே படம் வந்து சேராதாம், வழியிலேயே விட்டு விட்டு அணைந்துபோகுமாம். இது கண்ணாடி இழை வைத்த கேபிள், ஒளியாகவே படத்தைக் கொண்டுபோகும் என்றாள். சொல்லிவிட்டு, துளை போடும் சத்தம் கேட்காமலிருக்க, ஆபீஸ் மீட்டிங்குக்காக மாடி அறைக்குப் போய்விட்டாள். நானும் செல்வராசுவும் ஹாலில் தனியாக.

பேச்சு வரவில்லை. அவர் சுவரில் துளை போட்டார். நான் தூசி பறக்காமல் ஈரத்துணி பிடித்துக்கொண்டேன். ஒயரை மறைக்கும் கேசிங் பட்டி அடித்தார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் கேபிளைப் பிரித்து, இரண்டு முனைகளையும் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“சார், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கீது. ஆனா எழுத்து வேற. இதுல சோர்ஸ்னு போட்டுக்குது, அதுல டிஸ்ப்ளேன்னு. சோர்ஸ்னா இன்னா சார்?”

ஆஹா! இங்கிலீஷ் வாத்தியாரிடம் கேட்டுவிட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! இந்த வீட்டில் அவருக்கு என்னால் ஒரு உபகாரம்.

“மூலம். ஊற்றுக்கண் என்று சொல்லலாம். எங்கிருந்து புறப்பட்டு வருகிறதோ, அந்த இடம்.”

“படம் எங்கருந்து சார் வருது? டிவிலருந்துதான? பாருங்க, டிவி ரிமோட்ல கூட சோர்ஸ்னு பட்டன் கீது.”

ரிமோட்டை வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே இருந்தது. அழுத்தினேன். டிவித் திரையிலும் கொட்டை எழுத்தில் அதே வார்த்தை வந்தது. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? முப்பது வருடம் பாடம் நடத்திய கம்பீரத்தோடு சொன்னேன்:

“அப்படியென்றால் சோர்ஸ் முனை டிவிக்குத்தான். போடுங்கள்.”

போட்டார். துளை வழியாக இழுத்து, பட்டிக்குள் படுக்கவைத்து, மூடி அடித்து, துளையைச் சுற்றிச் சிமென்ட்டும் பூசி, இன்னொரு முனையை அடாப்டரில் செருகி, அடாப்டரைக் கம்ப்யூட்டரில் செருகினார். ஒயர் இருக்கிறதே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம்.

டிவியைப் போட்டோம்.

சிக்னல் இல்லை என்று வந்தது.

கழற்றி மாட்டினார். இல்லை. கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டார். இல்லை.  டிவியை விட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, விரல்களை விரித்துக்கொண்டு நின்றார்.

“சார், நான் ஒண்ணும் பண்ணல சார். எதையும் ஒடைக்கல.”

அந்தக் குரல்! யாரும் எதுவும் கேட்கவில்லையே. எதிரில் நான் ஒருவன்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய விரல் நுனி வரை அப்படியே இருந்தது. நான் செய்தது எவ்வளவு பெரியது என்பது எனக்கு வெள்ளிமலையில்கூட முழுசாகத் தெரியவில்லை. அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மாடிப்படியில் நித்யா இறங்கி வந்தாள். தன் அறைக்குள் போய், கம்ப்யூட்டர் பக்கமிருந்த கேபிள் முனையைக் குனிந்து பார்த்தாள்.

“அய்யய்யோ, இது ஒன்வே கேபிளாச்சே! சோர்ஸ்னா கம்ப்யூட்டர் பக்கம். யாரு இப்படி மாத்திப் போட்டது?”

“நான்” என்றேன்.

அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியம், அந்த வார்த்தை இவ்வளவு சின்னதா?

“நான்தான் இந்தப் பக்கம் போடச் சொன்னேன். அவர் கேட்டார். நான் தப்பாகச் சொன்னேன்.”

செல்வராசு என்னைப் பார்த்தார். கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

“இல்லம்மா. சாரு அர்த்தம் சரியாத்தான் சொன்னாரு. எங்கருந்து வருதோ அதுன்னாரு. நான்தான் ரிமோட்டக் காட்டிக் கொழப்பிட்டேன்.”

“ரிமோட்டைப் பார்த்துவிட்டுப் போடச் சொன்னது நான்தானே?”

“போட்டது நான் சார்.”

“சொன்னது நான்!”

“போதும்!” என்றாள் நித்யா. “ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தரும் எடுக்கல. இன்னிக்கு ரெண்டு பேரும் போட்டீங்களா?”

முதலில் சிரித்தது செல்வராசுதான். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் சிரித்ததால் நான் சிரித்தேன். அவருக்கு முன் எனக்குச் சிரிக்கும் உரிமை இல்லை.

சிமென்ட்டைத் தட்டி, பட்டியைப் பிரித்து, கேபிளை முழுதாக வெளியே இழுத்துத் திருப்பிப் போட மேலும் ஒரு மணி நேரம் ஆயிற்று. நானும் கூடவே நின்றேன். இந்த முறை பேச்சு வந்தது. மலையில் சோலார் வேலை ஜாஸ்தி என்றார். மகள் ஆறாவது போகிறாளாம். “மலரு நீங்க வந்துட்டுப் போனதுலருந்து கொஞ்சம் நல்லா பேசுது சார். அன்னிக்கு அப்படிக் கேட்டுட்டமேன்னு அதுக்குள்ள ஒரு இது இருந்துக்கினே இருந்துச்சி” என்றார். திரும்பிப் பார்க்காமல், ஸ்க்ரூ திருகிக்கொண்டே சொன்னார்.

டிவியைப் போட்டோம். வந்தது. மலைப்பாதை, லாரி, நடுரோட்டில் மாடு, மாட்டின் கழுத்துக் கயிறு வரை. நித்யா செட்டிங்ஸில் எதையோ பார்த்து, “4கே, செகண்டுக்கு அறுபது பிரேம்! வந்துடுச்சி!” என்று குதித்தாள். வாசல் கதவு திறந்தே கிடந்தது. யார் பார்த்தால் என்ன? கன்ட்ரோலரை முதலில் செல்வராசு கையில்தான் கொடுத்தோம். மலைப்பாதையில் தினமும் பைக் ஓட்டுகிறவர். ஒருமுறைகூடப் பள்ளத்தில் விடவில்லை.

என்னவோ, அன்று எல்லோருக்கும் நன்றி சொல்லத் தோன்றியது. கேட்காமலே டீ கொடுத்தவளுக்கு, உட்காரச் சொன்ன மலருக்கு, கூப்பிட்டதும் முதல் பஸ் பிடித்தவருக்கு. தப்பு செய்தவனைச் சுற்றி இத்தனை நல்லவர்கள் எதற்கு இருக்க வேண்டும்? இருந்தார்கள். இதற்கெல்லாம் கணக்கு நமக்குப் புரிவதில்லை.

அவர் கிளம்பும்போது, சரோஜா அம்மாள் எதிர்வீட்டு கேட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

“செல்வராசு, நல்லா கீறியாப்பா? அப்படியே நம்ம வூட்டு மோட்டாரையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயேன்.”

அவர் நின்றார். யோசித்தார். சிரித்த முகமாகவே சொன்னார்.

“இன்னிக்கு இல்லம்மா. நாளைக்குப் போன் பண்ணுங்க. வரதா வேணாவான்னு நான் யோசிச்சி சொல்றேன்.”

சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அவசரமில்லாத நடை.

மூன்று வாரமாக அந்த அம்மாள் போன் செய்துகொண்டிருக்கிறார். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நேற்றுகூட சரோஜா அம்மாள் என்னிடம் வந்து, “சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவாரு” என்றார்.

“என் வார்த்தைக்கு அவரிடம் இன்னும் அவ்வளவு மதிப்பு வரவில்லையம்மா” என்றேன்.